வாலடியில் ஒட்டிய அரிசி

விடிகாலையில் மெத்தை விரிப்பை உதறப் போனபோது, பூனை சுருண்டு படுத்திருந்த பள்ளத்தில் ஒரு அரிசி கிடந்தது. நொய்யரிசியைவிடக் கொஞ்சம் நீளம். எடுத்துப் போடலாம் என்று விரலை வைத்தேன். அது நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டு விரிப்பின் மடிப்புக்குள் நகரப் பார்த்தது. மீனு அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம். நன்றாகச் சாப்பிட்டாள், ஓடினாள், மயிர் பளபளவென்று இருந்தது. குடலுக்குள் நாடாப்புழுவை வைத்துக்கொண்டு ஒரு பூனை இவ்வளவு சுகமாக இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உடனே பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அரிசி நின்றது. மூன்றாவது வாரம் திரும்பவும் வந்தது. மருந்து சரியில்லை என்று நினைத்து வேறு மாத்திரை கொடுத்தேன். அப்போதும் அரிசி நின்று, மறுபடி வந்தது. குறை மாத்திரையில் இல்லை. அந்தப் புழு எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவே இல்லை. மீனுவின் கழுத்து மயிருக்குள் ஓடிக்கொண்டிருந்த தெள்ளுப்பூச்சிதான் வழி. அதை ஒழிக்காமல் எத்தனை மாத்திரை கொடுத்தும் பயனில்லை.

இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். ‘பூனைக்கு வயிற்றில் பூச்சி’ என்பது ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்பதுபோலப் பொதுவான பேச்சு. எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். எங்கிருந்து என்று தெரிந்தால்தான் மருந்து நிலைக்கும்.

அரிசியா, சேமியாவா?

நம் வீட்டுப் பூனைகளிடம் அடிக்கடி பார்ப்பது மூன்று வகை: நாடாப்புழு, உருண்டைப்புழு, கொக்கிப்புழு.

நாடாப்புழு முழுதாக வெளியே வருவது அபூர்வம். குடலில் தலையைப் பதித்துக்கொண்டு அரை மீட்டர்வரைகூட வளரும். வால்பக்கத்துக் கண்ணிகள் முற்றியதும் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே வரும். நாம் பார்க்கும் ‘அரிசி’ அந்தக் கண்ணிதான், முட்டைகள் நிறைந்த பை. புதிதாக வந்தது வெள்ளரி விதைபோல வெளுத்து, நகர்ந்துகொண்டிருக்கும். காய்ந்ததும் மஞ்சளித்து எள் அளவுக்குச் சுருங்கி, வாலடி மயிரிலும் பூனை படுக்கும் துணியிலும் ஒட்டிக்கிடக்கும். எள்ளா, கண்ணியா என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் தட்டில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். கண்ணியானால் ஊறி உப்பி, மறுபடி அரிசி வடிவத்துக்கு வந்துவிடும். எள் எள்ளாகவே இருக்கும்.

உருண்டைப்புழுவைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வேகவைத்த சேமியா போல, இரு முனையும் கூர்ந்து, வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாக, விரல் நீளம் இருக்கும். பெரும்பாலும் சுருள் போட்டபடி வரும். மலத்தில் மட்டுமல்ல, வாந்தியிலும் வரும். பிள்ளைகளுக்கு வரும் நாக்குப்பூச்சிக்கு இது உறவுக்காரப் புழு, ஆனால் இனம் வேறு.

பெரிய பூனை இதைச் சமாளித்துக்கொள்ளும், குட்டிக்குத்தான் ஆபத்து. ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தோம். ஐந்து வாரம் இருக்கலாம். சமையலறைத் தராசில் 420 கிராம். விலா எலும்பு விரலுக்குத் தட்டியது, வயிறு மட்டும் சிறு சொம்புபோல உப்பி நின்றது. ‘நல்லா சாப்பிட்டிருக்கு போல’ என்றார்கள் வீட்டில். சாப்பிட்ட வயிறு சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பூச்சி வயிறு காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி புடைத்திருக்கும். மெலிந்த முதுகு, புடைத்த வயிறு, சொரசொரத்த மயிர் மூன்றும் சேர்ந்து இருந்தால் குட்டிக்கு உருண்டைப்புழு என்றே வைத்துக்கொள்ளலாம். மறுநாள் அது வாந்தி எடுத்தபோது நூல்கண்டு போல ஆறேழு புழுக்கள் வந்து விழுந்தன.

தெருவில் பிறந்த குட்டிக்குத்தானே இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். தாய்ப்பூனையின் தசைகளுக்குள் உறங்கிக்கிடக்கும் இளம்புழுக்கள், அது குட்டி போட்ட பிறகு விழித்துப் பால் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, சுத்தமாக இருக்கும் தாயிடமிருந்தும் போகும். தாய்க்கு முன்பே மருந்து கொடுத்திருந்தாலும் போகலாம், ஏனென்றால் சாதாரணமாகக் கொடுக்கும் மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் தாக்கும், தசையில் உறங்குவதைத் தொடாது. பால் குடித்த ஒவ்வொரு குட்டிக்கும் உருண்டைப்புழு உண்டு என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுப்பது அதனால்தான்.

கண்ணுக்கு அகப்படாதது

கொக்கிப்புழு ஒரு செ.மீ. நீளம்தான், நூல் மாதிரி இருக்கும். மலத்தில் தேடினாலும் கிடைக்காது. குடல் சுவரைக் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதனால் புழுவைத் தேடாமல் பூனையின் வாயைப் பாருங்கள். மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினால் ஈறு தெரியும். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துக் காகிதம்போல இருந்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். குட்டியின் உடம்பில் இருக்கும் இரத்தமே கொஞ்சம். மாத்திரை வேலை செய்வதற்குள் உயிர் போய்விடக்கூடும், சில குட்டிகளுக்கு இரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும்.

பூனையின் ஈறு நலமாக இருக்கும்போதே வாரம் ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். கறுப்புப் பூனைகளுக்கு ஈறிலும் கருமை படர்ந்திருக்கும். அப்போது கீழிமையின் உள்பக்கத்தைப் பார்க்கலாம்.

கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈர மண்ணில் வாழ்பவை. பூனை பாதத்தை நக்கும்போது வாய் வழியாகவும், தோலைத் துளைத்தும் உள்ளே போகும். மழைக்காலம் முடிந்ததும் இதைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஒரு இனத்துக்கு இலங்கையின் பெயரே உண்டு. அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற அந்தப் புழுவை 1911-ல் லூஸ் என்ற ஆய்வாளர், சிலோனில் ஒரு புனுகுப்பூனையின் குடலில் கிடைத்ததைக் கொண்டு விவரித்தார். நாய், பூனை மட்டுமல்ல, மனிதர் குடலிலும் அது முழுவளர்ச்சி அடையக்கூடியது.

மலப் பரிசோதனை

கால்நடை மருத்துவமனைக்குப் பூனையை மட்டும் கொண்டுபோவார்கள், மலத்தைக் கொண்டுபோகத் தயங்குவார்கள். கூச்சம் வேண்டாம். அன்று காலை போனதில் ஒரு தேக்கரண்டி அளவு, மூடியுள்ள சிறு டப்பாவில் போதும். உடனே போக முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் தனிப் பையில் வைக்கலாம், உறைபெட்டியில் வைக்கக் கூடாது. புழுவோ கண்ணியோ வந்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தாலும் மருத்துவருக்கு அளவு புரியும்.

பரிசோதனை எளிமையானது. அடர்த்தியான உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ மலத்தைக் கரைத்து வைத்தால் முட்டைகள் மிதந்து மேலே வரும். அதை மெல்லிய கண்ணாடித் துண்டில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்த மழைக்காலக் குட்டியின் மலத்தை எனக்கும் காட்டினார் மருத்துவர். கறுத்த உருண்டை, சுற்றிலும் தடித்த ஓடு, ஓட்டில் நாரத்தங்காய்த் தோலில் இருப்பதுபோலச் சிறு சிறு குழிகள். அது உருண்டைப்புழு முட்டை. ஓரத்தில் இன்னொன்று: நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்துபோல நாலைந்து உருண்டைகள். ‘இது கொக்கி’ என்றார். அதுவரை கொக்கிப்புழு என்ற எண்ணமே எனக்கு இல்லை.

பரிசோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் முழுதாக நம்பிவிட முடியாது. நாடாப்புழு முட்டை கண்ணிக்குள்ளேயே அடைபட்டு வருவதால் பெரும்பாலும் மிதந்து வராது. வீட்டில் நீங்கள் பார்த்த அரிசிதான் அங்கே உறுதியான சாட்சி. அதேபோல, பூச்சி மருந்து கொடுத்தும் குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் அது புழுவாகவே இல்லாமல் இருக்கலாம். ஜியார்டியா, காக்சிடியா என்ற ஒற்றைச்செல் உயிரிகளும் குட்டிகளைப் பிடிக்கும், அவற்றுக்கு மருந்து வேறு. இதையும் பரிசோதனைதான் காட்டும்.

அரசுக் கால்நடை மருந்தகங்களிலும், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் பூனைகளைப் பார்க்கிறார்கள்.

எந்த மருந்து, எவ்வளவு

உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரன்டெல் நல்ல மருந்து. புழுவை முடக்கிப்போடும், குடல் அதை வெளியே தள்ளிவிடும். அதனால் மறுநாள் மலத்தில் புழுக்கள், சிலசமயம் அசைவோடுகூட, வரும். பயப்பட ஒன்றுமில்லை. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். இது புழுவின் தோலைக் குலைத்துவிடுவதால் குடலிலேயே செரித்துப்போகும். மாத்திரை கொடுத்தும் புழு வரவில்லையே என்று இரண்டாவது மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். ஃபென்பென்டசோல் என்ற இன்னொரு மருந்தை, தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாள் கொடுக்கச் சொல்வார்கள்.

பூனைக்கான சேர்க்கை மாத்திரைகளில் பரவலான அளவு, ஒரு மாத்திரையில் பிராசிகுவான்டெல் 20 மி.கி., பைரன்டெல் எம்போனேட் 230 மி.கி. அது நான்கு கிலோ பூனைக்கு. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பூனை மாத்திரை கிடைக்கவில்லை என்று நாய் மாத்திரையை எடைக்கணக்கில் உடைத்துக் கொடுப்பார்கள். பத்துக் கிலோ நாய்க்கான பரவலான மாத்திரையில் பிராசிகுவான்டெல் 50 மி.கி., பைரன்டெல் எம்போனேட் 144 மி.கி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராசிகுவான்டெல் சரியாக வரும், பைரன்டெல் பூனைக்கு வேண்டியதில் கால்பங்குதான் வரும். நாடாப்புழு போகும், உருண்டைப்புழு தங்கிவிடும்.

எடையை ஊகிக்காதீர்கள். குட்டியைச் சமையலறைத் தராசில் பாத்திரத்தோடு வைக்கலாம். பெரிய பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எடையைச் சொல்லி அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சினைப்பூனைக்கும், காய்ச்சலோ பட்டினியோ உள்ள பூனைக்கும் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம். வயிறு நிறையப் புழு வைத்திருக்கும் நோஞ்சான் குட்டியை முதலில் சூடாக வைத்து, நீர்ச்சத்து ஏற்றி, அப்புறம்தான் மருந்து கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் செத்த புழுக்கள் திரண்டு குடலை அடைத்துவிடவும் கூடும்.

கொடுக்கவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 10, தேசியக் குடற்புழு நீக்க நாள். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பென்டசோல் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நல்ல மருந்து. ஆனால் மிச்சமான மாத்திரையில் கிள்ளிப் பூனைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அல்பென்டசோல் பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, இரத்த அணுக்கள் உருவாவதையே நிறுத்தக்கூடியது. ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தும் வேண்டாம். அதிலுள்ள லெவமிசோலுக்குப் பூனையிடம் தாங்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பூண்டு பூச்சியைக் கொல்லும் என்று அரைத்துப் புகட்டுகிறார்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. கொக்கிப்புழுவால் ஏற்கெனவே சோகை பிடித்த குட்டிக்குப் பூண்டு கொடுத்தால் என்ன ஆகும்? நம் கைவைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது மனித உடம்புக்குப் பார்த்துச் சேர்த்த அனுபவம். பூனையின் கல்லீரல் பல பொருள்களை நம்முடையதுபோல முறித்து வெளியேற்றாது.

மாத்திரையைப் புகட்டுவது

இதில்தான் பலர் தோற்று, மருந்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலில் எளிய வழி. பசியாக இருக்கும் வேளையில், முள் நீக்கிய வெந்த மத்தி மீனை விரலால் மசித்து மூன்று உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுங்கள். அடுத்ததின் அவசரத்தில் விழுங்கிவிடும்.

பலிக்காவிட்டால் பழைய துண்டு ஒன்றில் பூனையைக் கழுத்துவரை சுற்றி, உங்கள் வயிற்றுப்பக்கம் முதுகு இருக்கும்படி மடியில் வையுங்கள். இடதுகையால் தலையை மேலிருந்து பிடித்து, கட்டைவிரலும் நடுவிரலும் வாயின் இரு கோடியில் படும்படி, மூக்கு கூரையைப் பார்க்கச் சாய்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை தானாகச் சற்றுத் தளரும். வலதுகை நடுவிரலால் முன்பற்களை அழுத்தித் திறந்து, மாத்திரையை நாக்கின் பின்மேட்டில் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவிக்கொடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மி.லி. தண்ணீரைக் கன்னப்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டாமல் இறங்கும். மாத்திரையை நசுக்கிக் கரைக்க வேண்டாம். பிராசிகுவான்டெல் கடும் கசப்பு. நாக்கில் பட்டால் நுரை நுரையாக எச்சில் வழியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

தெள்ளு, எலி, மண்

அரிசி வந்த பூனைக்குத் தெள்ளைத் தேடுங்கள். நம் ஊரில் தெள்ளையும் உண்ணியையும் சேர்த்து உண்ணி என்றே சொல்லிவிடுவார்கள். உண்ணி ஒரே இடத்தில் கடித்துத் தொங்கும். தெள்ளு தட்டையாக, பழுப்பாக, மயிருக்குள் ஓடும், துள்ளும். தெள்ளின் புழுப்பருவம் தரையில் கிடக்கும் நாடாப்புழு முட்டையைத் தின்கிறது. அது வளர்ந்து பூனையின் மேல் ஏறுகிறது. பூனை உடம்பை நக்கும்போது அதை விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் புதுக் கண்ணி. என் மீனுவின் கதை இதுதான். பேன்சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் வாரி, வரும் கறுப்புத் தூளை ஈர வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், பூனையின் இரத்தம்.

பூனை மேல் தெரியும் தெள்ளு கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூடும் படுக்கையிலும் பாயிடுக்கிலும் சோபா மடிப்பிலும் இருக்கும். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி உச்சிவெயிலில் போடுங்கள். தெள்ளின் புழுக்களுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், நம் வெயிலை அவை தாங்காது. பிடரியில் விடும் தெள்ளு மருந்து வாங்கும்போது ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: உறையில் பூனைக்கு என்று எழுதியிருக்க வேண்டும். நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனைக்கு நரம்பு நஞ்சு, நடுக்கமும் வலிப்பும் வந்து சாகும்.

எலி பிடிக்கும் பூனைக்கு வேறு ஒரு நாடாப்புழுவும், உருண்டைப்புழுவும் எலியின் உடம்பு வழியாகவே வரும். பூனையின் வேட்டையை நிறுத்த முடியாது. அதன் மருந்து இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

மண் தட்டு வைத்திருப்பவர்கள் தினமும் அள்ளிவிட வேண்டும். உருண்டைப்புழு முட்டை வெளியே வந்ததும் தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். அதற்குள் அள்ளி மூடிவிட்டால் ஆபத்தில்லை, விட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் அந்த முட்டையைக் கொல்லாது, பூனையின் உடம்பைத்தான் கெடுக்கும். தட்டில் கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதற்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பூனை தோண்டும் மணற்குவியலில் விளையாடிய கையை வாயில் வைத்தால் முதிர்ந்த முட்டை வயிற்றுக்குள் போகும். மனித உடம்பில் அந்த இளம்புழு குடலில் தங்காமல் கல்லீரல், நுரையீரல் என்று அலையும், அபூர்வமாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். கட்டட வேலைக்குக் கொட்டிய மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள், மண்ணில் விளையாடியபின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். அதே சமயம் வீண்பழியும் வேண்டாம். இரவில் பிள்ளைகளுக்கு ஆசனவாயில் அரிப்பு தரும் கீரிப்பூச்சி மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே பரவுவது. அதற்காகப் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வீடுகளை எனக்குத் தெரியும், நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நாள் கணக்கு

குட்டிக்கு மூன்று வாரத்தில் முதல் மருந்து. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை. அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. குட்டியின் முதல் மருந்தன்றே தாய்க்கும் கொடுக்க வேண்டும். வளர்ந்த பூனை வெளியே போய் வந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். எலி தின்றாலும், வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலும் மாதம் ஒருமுறை நல்லது. வாசலைத் தாண்டாத பூனைக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை போதும்.

இரண்டாவது மருந்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் மருந்து கொடுத்தபோது உடம்புக்குள் பயணத்தில் இருந்த இளம்புழுக்கள் தப்பித்திருக்கும். இரண்டு வாரத்தில் அவை குடலுக்கு வந்துவிடும், அப்போதுதான் அகப்படும். எங்கள் வீட்டில், மருந்து கொடுத்த கையோடு சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் பதினான்கு தாளைப் புரட்டி, அந்தத் தாளின் மூலையில் குட்டியின் பெயரையும் அன்றைய எடையையும் எழுதிவிடுவோம். தாள் தாளாகக் கிழித்து வரும்போது அது தானே முன்னால் வந்து நிற்கும். மழைக்காலக் குட்டியின் தாளில் 420 என்று இருந்தது. கிழித்த அன்று தராசில் வைத்தோம். 640.